உப்பங்கரையின் நாற்பது விநாடிகள்

செவ்வாய்க்கிழமை மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உப்பங்கரை நகரத்தில் அறுபத்தெட்டாயிரம் பேர் செத்துப்போனார்கள். நாற்பது விநாடி கழித்து அத்தனை பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

இது இயந்திரம் சொன்ன கணக்கு. அதைக் குறை சொல்லவும் முடியாது. மூச்சு விடுகிறவன் உயிரோடு இருக்கிறான், விடாதவன் இல்லை என்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்த பாடம். பாடத்தை ஒப்பித்ததோடு நிற்காமல் பக்கத்து ஊர்களிலிருந்து பதினொரு ஆம்புலன்ஸ்களையும் அதுவே வரவழைத்துவிட்டது. அவை அலறிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஊர் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தது. ஒரு டிரைவர் பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தி யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி அவருக்கு ஒரு தம்ளர் மோர் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒழுங்குநல மையத்தின் நான்காம் மாடியில் அந்த நாற்பது விநாடியையும் கண்கொட்டாமல் பார்த்தவள் ஜெனோவா ஒருத்திதான். அவள் அங்கே கணிப்பாளர், ஏழு வருட சர்வீஸ். மற்றவர்கள் பன்னிரண்டு அடிப்பதற்குள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவார்கள். அவளுக்கு இரண்டு மணிக்கு முன்னால் பசிக்காது. அதனால் அந்த நேரத்துக் காவல் எப்போதும் அவள் தலையில்தான் விழும்.

அவளுக்கு எதிரே சுவர் முழுக்க ஊரின் வரைபடம். ஊரில் இருக்கும் எண்பத்திரண்டாயிரம் பேரும் அதில் ஆளுக்கொரு புள்ளி. மூச்சை இழுத்தால் புள்ளி பிரகாசிக்கும், விட்டால் மங்கும். தெருவிளக்குக் கம்பங்களில் பொருத்திய சாம்பல் நிறப் பெட்டிகள், வீட்டுச் சுவர்களையும் தாண்டி மனிதர்களின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் படித்து அனுப்பிக்கொண்டே இருந்தன. வேலையில் சேர்ந்த முதல் நாள் அந்தச் சுவரைப் பார்த்து ஜெனோவா அழுதே விட்டாள். ஒரு ஊர் மூச்சு விடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? மேட்னி ஷோவில் கதாநாயகி கிணற்றில் குதிக்கப்போகும்போது தியேட்டர் மொத்தமும் ஒரு கணம் நிற்கும். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டும் அம்மாவின் புள்ளியும் பிள்ளையின் புள்ளியும் மெல்ல ஒரே தாளத்துக்கு வரும். சண்டை போட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் படுத்திருக்கும் கணவன் மனைவி கூடத் தூக்கத்தில் சேர்ந்து மூச்சு விடுவார்கள். இதையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் அவள் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவர்தான் செவ்வாய்க்கிழமை அணைந்தது.

நகராட்சிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊத ஆரம்பித்ததும், அந்த இடத்தைச் சுற்றி இருட்டு ஒரு வட்டமாகத் திறந்தது. குளத்தில் கல் விழுந்தது போல அந்த வட்டம் விரிந்து கடைத்தெருவை மூடியது, மாதா கோயிலை மூடியது, மீன்பிடித் துறைமுகத்தை மூடியது, ஒன்பது விநாடியில் ஊர் எல்லையைத் தொட்டது. மிச்சமிருந்தது தூங்குகிறவர்களும் நோயாளிகளும் விடுதிகளில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்களும். பிறகு கைக்குழந்தைகள். நூற்றுக்கணக்கான கைக்குழந்தைகள் மட்டும், நடப்பது எதுவும் தெரியாமல், அந்தப் பெரிய இருட்டில் வேகவேகமாக மினுக்கிக்கொண்டிருந்தன. சங்கு நின்றது. ஊர் மொத்தமும் ஒரே மூச்சாக இழுத்தது. ஏழு வருடத்தில் அந்தச் சுவர் அவ்வளவு வெளிச்சமாக எரிந்து அவள் பார்த்ததில்லை.

அவள் பயந்தாள். ஆனால் சந்தோஷமும் பட்டாள், அதை மறைப்பானேன்.

கூடுதல் இயக்குநர் ஆளவந்தார் கை கழுவாமலே மேலே ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் தலைநகரத்திலிருந்து செயலாளரின் போன் வந்துவிட்டது. ஆளவந்தார் அதை ஸ்பீக்கரில் போட்டார். ஊர் எங்கே கூடியது என்று செயலாளர் கேட்டார். எங்கேயும் கூடவில்லை, அவரவர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள் என்றார் இவர். அப்படியானால் இது கூட்டமே இல்லையே, எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்றது போன்.

"மூச்சு ஒண்ணா இருந்தா அது கூட்டம்னு நாமதான் சார் எழுதினோம்," என்றார் ஆளவந்தார். "எவ்வளவு கிட்ட நிக்கணும்னு எழுதலை. அப்ப அது தேவைப்படலை."

"சரி, முதல் மூச்சு யாரு?"

"நாளைக்குள்ள சொல்றோம் சார்."

முதல் மூச்சு என்பது ஆளவந்தாருக்குப் பெருமையான விஷயம். பல பேர் ஒரே எண்ணத்தோடு ஓரிடத்தில் நின்றால் அவர்களுக்குத் தெரியாமலே மூச்சு ஒன்றுசேர்ந்துவிடும். அதில் ஒருவர் முந்துவார், மற்றவர்கள் அவர் பின்னால் போவார்கள். அந்த ஒருவரைக் கண்டுபிடித்து உள்ளே வைத்தால் போதும், மற்றவர்கள் தாமாகக் கலைந்துவிடுவார்கள். தடியடி இல்லை, கண்ணீர்ப் புகை இல்லை. ஒரு கோரிக்கைக்கு ஒரே ஒரு ஆள்தான் உள்ளே. அதே கோரிக்கைக்கு வேறொரு முதல் மூச்சு உறுதியானால் பழையவரை ஆறு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த உத்தரவை இயந்திரமே அடித்துவிடும். புதியவர் வராவிட்டால் பழையவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான். ஆளவந்தார் இளம் வயதில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். "நான் லத்தி பிடிச்ச கைம்மா இது. ஒரு பொம்பளையோட மண்டை உடையற சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதைவிட இது எவ்வளவோ மேல்," என்று ஜெனோவாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார்.

முதல் மூச்சுச் சான்றிதழில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று அவருடையது, இன்னொன்று கணிப்பாளருடையது. கணிப்பாளருக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெயரைக் காட்ட மாட்டார்கள், எண்ணும் வார்டும்தான் திரையில் வரும். ஜெனோவா இதுவரை முப்பத்தொரு எண்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பதினோரு மாதத்துக்கு முன், 4471 என்று முடிகிற ஒரு எண்ணுக்குப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினால் பக்கத்து வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றுகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு சபீனா நகராட்சிப் பள்ளி ஆசிரியை. ஊரின் கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதிரி மஞ்சளாக மாறியபோது, பரிசோதனை முடிவை எங்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்டு, தண்ணீர்த் தொட்டியின் முன்னால் பதினோரு பெண்களோடு ஏழு நிமிடம் நின்றாள். கோஷம்கூடப் போடவில்லை. ஜீப்பில் ஏறும்போது ஜெனோவாவைப் பார்த்து, அடுப்பில் பால் இருக்கிறது, அணைத்துவிடு என்று மட்டும் சொன்னாள். அன்று முதல் அந்த நான்கு இலக்கம் ஜெனோவாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

புதன்கிழமை காலை இயந்திரத்தின் அறிக்கை வந்தது. இருட்டு ஒலியின் வேகத்தில் பரவியிருந்ததால் அது கணக்குப் போட்டுப் பார்த்து, முதல் மூச்சு நகராட்சி அலுவலக மொட்டை மாடி, உரிமையாளர் அரசு என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது. ஆளவந்தார் அதை இரண்டு தரம் படித்தார்.

"சங்கை உள்ள தூக்கி வைக்க முடியாதும்மா. எனக்கு ஒரு மனுஷன் வேணும். இது எப்படி ஆரம்பிச்சுது, ஏன் சங்கு ஊதினா மூச்சை அடக்கறாங்க, அதையாவது சொல்லு."

அவர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஜெனோவா சொன்னாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வடக்கே இருந்த உர ஆலையில் வாயு கசிந்து பத்தொன்பது பேர் இறந்தார்கள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு அரசாங்கமே ஒரு பயிற்சி கொண்டுவந்தது. தினமும் மதியச் சங்கு ஊதும்போது ஊரில் எல்லோரும் வாயையும் மூக்கையும் பொத்தி, சங்கு நிற்கும்வரை மூச்சை அடக்க வேண்டும். நாற்பது விநாடி அடக்கினால் வீட்டை விட்டு வெளியேறிக் காற்றுக்கு எதிராக ஓடத் தெம்பு இருக்கும் என்று சொன்னார்கள். பத்து வருடம் ஊர் அதைச் செய்தது. கம்பத்துப் பெட்டிகள் வந்ததும் அப்போதுதான், யாருக்கு மூச்சுத் திணறுகிறது என்று உடனே கண்டுபிடிப்பதற்காக. வேண்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கி, அவற்றுக்கு மாலை போட்டு வரவேற்றதும் இதே ஜனங்கள்தான். பிறகு ஆலையை மூடினார்கள், ஆபத்து நீங்கியது என்று அறிவித்தார்கள், பயிற்சி நின்றது. சங்கு மட்டும் மணி சொல்வதற்காக ஊதிக்கொண்டிருக்கிறது.

"பயிற்சி ஆணையை ரத்து பண்ணாங்களா?"

"தேடிப் பாத்துட்டேன் சார். பண்ணலை."

ஆளவந்தார் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். சட்டப்படி பார்த்தால் அறுபத்தெட்டாயிரம் பேரும் அரசாணைக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்கள். கீழ்ப்படியாமல் மூச்சு விட்டவர் அவர்தான்.

இருந்தாலும் அவர் விடுகிற ஆள் இல்லை. பழைய பதிவுகளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஜெனோவா ஓட்டினாள். திங்கட்கிழமை நாற்பதாயிரம் பேர் அணைந்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை இருபத்தையாயிரம். அந்த இரண்டு நாளும் அவளுக்கு விடுப்பு, மதியச் சுவரைப் பார்க்க ஆளில்லை. இயந்திரம் ஏன் இதைக் கண்டுகொள்ளவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சேர்ந்து விடும் மூச்சைத் தேடத்தான் அதற்குத் தெரியும். ஒன்றிரண்டு பேர் மூச்சை நிறுத்தினால் சளி, இருமல் என்று ஒதுக்கிவிடும். ஒரு ஊரே ஒதுங்கிய பிறகுதான் அதற்கு உறைத்திருக்கிறது.

பின்னால் போகப் போகப் புள்ளிகள் குறைந்தன. ஒரு பள்ளிக்கூடம். அதற்கு முன் ஒரு தெரு. அதற்கு முன் ஒரே ஒரு வீடு, அது பெண்கள் சிறையின் வார்டன் ஒருத்தியின் வீடு. அதற்கு முன் சிறைக்குள்ளே ஆறு பேர். ஐம்பத்து மூன்று நாளைக்கு முன்னால் போய் நின்றபோது, ஊர் முழுக்க வெளிச்சமாக இருக்க, வடக்கு மூலையில் சிறையின் மூன்றாம் அறையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் நாற்பது விநாடி அணைந்திருந்தது. அடுத்த நாளும் அது ஒன்றுதான். அதற்கடுத்த மூன்று நாளும் அது ஒன்றுதான். ஜெனோவா எண்ணைப் பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாலு நாலு ஏழு ஒண்ணு. ஏற்கனவே உள்ளதான் சார் இருக்காங்க."

ஆளவந்தார் பதிவை அங்கேயே நிறுத்தச் சொன்னார். ஆளை உள்ளே வைத்தால் கூட்டம் கலையும் என்பதில்தான் அவருடைய பன்னிரண்டு வருட உழைப்பும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருக்கிறவரையே மறுபடி முதல் மூச்சு என்று எழுதினால் கோப்பு ஏற்காது. எழுதாவிட்டால் செயலாளர் ஏற்க மாட்டார்.

"சங்கை நிறுத்திடலாம்," என்றார் கடைசியில். "நாளைக்கு ஊதாது. மின் இணைப்பைக் கழட்டச் சொல்லிடறேன். உனக்கும் எனக்கும் லைன்மேனுக்கும் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம். லைன்மேனை வேலை முடிஞ்சதும் வெளியூர் அனுப்பிடறேன். தாளம் போடறவன் இல்லைன்னா ஆட்டமும் இருக்காது."

அன்று சாயங்காலம் ஜெனோவா துணி எடுக்கக் கொல்லைக்குப் போனபோது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதர் அண்ணன் கிண்ணத்தை நீட்டினார். சபீனாவின் கணவர். பிளவுஸ் தைக்கிற டெய்லர், அதிர்ந்து பேசாதவர். பதினோரு மாதமாக அவருக்கு ஒரு ஆளுக்கு அரிசி அளக்கக் கை வரவில்லை. பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டுவிடுவார், மிஞ்சுவது மதில் ஏறி ஜெனோவாவுக்கு வந்துவிடும். அம்மா இறந்த பிறகு தனியாக இருக்கும் அவளுக்கு அதுதான் இரவுச் சாப்பாடு.

"மீன் ஆணம். உப்பு கொஞ்சம் கூடிட்டு, பாத்துக்கோ தங்கச்சி."

அவர் நான்கு தரம் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் முன்னால் போய்த் தனியாக நின்று பார்த்தவர் என்று ஜெனோவாவுக்குத் தெரியும். தான் முதல் மூச்சானால் சபீனா வெளியே வந்துவிடுவாள் என்பது அவர் கணக்கு. ஆனால் பின்னால் வர ஒரு மூச்சாவது வேண்டுமே. யாரும் பக்கத்தில் வந்து நிற்கத் துணியவில்லை. வெயிலில் நின்று தலை வலித்ததுதான் மிச்சம்.

ஜெனோவாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அண்ணே, அக்காவோட நம்பருக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

"தெரியும்லா," என்றார் அவர். "ஜெயிலுக்கு மனு பாக்கப் போன மொத நாளே சபீனா சொல்லிட்டா. ஜெனோ கையெழுத்தாத்தான் இருக்கும், அவகிட்ட கேட்டுராதீங்கன்னா. பேரு தெரியாமத்தான போட்ட."

அவள் கிண்ணத்தைச் சரித்துவிட்டாள். கொஞ்சம் குழம்பு மதில் மேல் சிந்தியது. அவர் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார்.

"தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்ப?" குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செய்வதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்தது. கணிப்புத் திரையில் கால இடைவெளியை ஐந்து விநாடிக்கு நீட்டிவிட்டால் பத்துப் பேர், நூறு பேர் ஒரே நேரத்தில் முதலாவதாக வந்து நிற்பார்கள். முதல் மூச்சு இல்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். ஆளவந்தாருக்கு அந்த வசதி இருப்பதே தெரியாது. முப்பத்தொரு தடவையும் அவள் அதைத் தொட்டதில்லை. எண்தானே என்று இருந்துவிட்டாள்.

பேச்சை மாற்றுவதற்காக, சபீனா எதற்கு உள்ளே மூச்சை அடக்க ஆரம்பித்தாள் என்று கேட்டாள்.

"நானும் அதத்தான் கேட்டேன்," காதர் அண்ணன் லேசாகச் சிரித்தார். "போராட்டமா பண்ணுத, பொட்டில தெரிஞ்சா இன்னும் கூட்டிப் போடுவானேன்னேன். அதெல்லாம் இல்லையாம். அறைக்குள்ள கக்கூஸ் போனாக் கூட பொட்டி பாத்துக்கிட்டே இருக்கும்லா. அந்த நாப்பது விநாடி மட்டும் அதுக்கு நான் இல்லைன்னா. அந்த நேரம் நான் எங்க இருக்கேன்னு எவனுக்கும் தெரியாதுன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் மறுநாளு மெஷினை நிறுத்திட்டு அடக்கிப் பாத்தேன். அவ சொன்னது நெசந்தான்."

நாளை சங்கு ஊதாது என்று சொல்ல ஜெனோவா வாயெடுத்தாள். சொல்லவில்லை. பயம்தான் காரணம், வேறு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை யாரும் கீழே சாப்பிடப் போகக் கூடாது என்று உத்தரவு. ஆனாலும் ஆளவந்தார் கணிப்பு அறைக்குள் ஜெனோவாவைத் தவிர யாரையும் விடவில்லை. இருவரும் சுவரின் முன்னால் நின்றார்கள். பதினொன்று ஐம்பத்தொன்பது. ஊர் எப்போதும் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் நெருக்கமாக, உப்பளத்தில் விலகி விலகி, வடக்கே சிறையில் வரிசையாக. ஒரு சங்கு நின்றுபோவதால் அந்த நாற்பது விநாடி இன்றோடு முடிந்துவிடும் என்று ஜெனோவா நினைத்துக்கொண்டாள். திரையின் மூலையில் கடிகாரம் பன்னிரண்டைக் காட்டியது.

சங்கு ஊதவில்லை.

அவள் எதையும் யோசிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பழகிய தொண்டை தானாக மூடிக்கொண்டது. ஏழு வருடமாக ஒவ்வொரு மதியமும் அது மூடப் பார்க்கும், அவள் இருமிச் சமாளித்துவிடுவாள். இன்றைக்கு இருமவில்லை.

சுவரில் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. ஊர் சங்குக்குக் காத்திருந்தது. ஆளவந்தார் மெல்லத் தோளைத் தளர்த்தினார். மூன்றாவது விநாடி துறைமுகத்தில் ஒரு புள்ளி அணைந்தது. மாதா கோயில் தெருவில் இரண்டு. பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக, கோடை மழையின் முதல் துளிகள் மண்ணில் விழுவது போல. பிறகு மழையாகவே பிடித்துக்கொண்டது. இந்த முறை வட்டம் இல்லை, நடு இல்லை, எங்கிருந்தும் எதுவும் பரவவில்லை. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஊர் தானாக அணைந்தது. ஊதாத சங்குக்கு அறுபத்தெட்டாயிரம் பேர் அல்ல, எழுபத்து மூன்றாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். கைக்குழந்தைகள் மட்டும் அதே போல மினுக்கிக்கொண்டிருந்தன. நிறுத்தச் சொல்லவும் சங்கு இல்லாததால் நாற்பது விநாடியையும் ஊர் மனதுக்குள் எண்ணியது. எண்ணி முடித்து, ஓரிரு விநாடி முன்னும் பின்னுமாக, மடமடவென்று திரும்பி எரிந்தது.

ஜெனோவாவுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. மூச்சு வாங்கினாள். பக்கத்தில் ஆளவந்தார் வாயைத் திறந்தபடி நின்றார். நடுவில் அவருடைய புள்ளியும் நான்கு விநாடி அணைந்திருந்ததை அவள் பிறகு பதிவில் பார்த்தாள். அது வியப்பில் நின்ற மூச்சு. சட்டத்தில் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

"எத்தனையோ கூட்டம் பாத்திருக்கேம்மா," என்றார் அவர், மெதுவாக. "இப்படிப் பாத்ததில்லை."

பிறகு போன் அடித்தது. அவர் மறுபடி கூடுதல் இயக்குநர் ஆனார். சங்கு இல்லை என்றால் இன்று ஒரு மனிதர்தான் முந்தியிருக்க வேண்டும், அந்த எண் ஐந்து நிமிடத்தில் வேண்டும் என்றார். கிணற்றுத் தண்ணீர்க் கோரிக்கையின் கீழ் எழுது, இந்த ஊரில் வேறு கோரிக்கை ஏது என்றும் சொன்னார்.

ஜெனோவா திரையின் முன் உட்கார்ந்து கணிப்பை ஓட்டினாள். இயந்திரம் திணறவே இல்லை. மற்ற எல்லோரையும்விட மூன்று விநாடி முந்தி ஒரு புள்ளி அணைந்திருந்தது. ஆறாவது வார்டு. அவள் எண்ணைப் படித்தாள். பன்னிரண்டு இலக்கம். ரேஷனிலிருந்து சம்பளம்வரை வாழ்நாளெல்லாம் எழுதிப் பழகிய பன்னிரண்டு இலக்கம்.

வேறு யாராகவும் இருக்க முடியாது என்று இப்போது தோன்றியது. ஊர் முழுக்கச் சங்குக்குக் காத்திருந்தது. இன்று சங்கு ஊதாது என்று ஊரில் தெரிந்து, மூச்சையும் அடக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஐந்து விநாடி இடைவெளிக்கான பொத்தான் சுட்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தொட்டால் இரண்டாயிரம் பேர் அவளோடு சேர்ந்து முதலில் வந்து நிற்பார்கள். யாரும் கைதாக மாட்டார்கள். அவள் எப்போதும் போல இரண்டு மணிக்குச் சாப்பிட்டு, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய், மதில் மேல் வரும் கிண்ணத்தை வாங்கிக்கொள்ளலாம். கிண்ணம் வந்துகொண்டேதான் இருக்கும். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டாரே, இப்போது தெரியும்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"வந்துடுச்சா?" என்றார் ஆளவந்தார் பின்னாலிருந்து.

"வந்துடுச்சு சார். ஆறாவது வார்டு."

"நம்ம வார்டுதான். கடைத்தெரு ஆளா இருக்கும்."

"இருக்கலாம் சார்."

சான்றிதழ் அச்சாகி வந்தது. முப்பத்திரண்டாவது. ஜெனோவா கையெழுத்துப் போட்டாள். எப்போதையும்விட நிறுத்தி, எழுத்து எழுத்தாகப் போட்டாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, பன்னிரண்டு இலக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார். அடுத்த நிமிடமே இயந்திரம் இன்னொரு தாளை அடித்தது. 4471 என்று முடிகிற எண்ணை இன்று மாலை ஆறரைக்குள் விடுவிக்க வேண்டும் என்ற உத்தரவு அது. ஆளவந்தார் அதை உரிய தட்டில் போட்டுவிட்டு, செயலாளரிடம் பேசத் தன் அறைக்குப் போனார். எண்ணுக்குப் பெயர் தேடி ஆள் வருவதற்கு இருபது நிமிடம் ஆகும். அது அவளுக்குத் தெரியும்.

சுவரில் ஊர் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக் காதர் அண்ணனைக் கூப்பிட்டாள். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணே, ராத்திரிக்கு அரிசி போட்டாச்சா?"

"இல்லம்மா, மணி இன்னும் ஒண்ணு கூட ஆகலையே. ஏன்?"

"இன்னைக்கும் ரெண்டு பேருக்கே போடுங்க," என்றாள் ஜெனோவா. "ஆனா எனக்கு வேண்டாம்."

மெஷின் சத்தம் நின்றது. அவள் சுவரைப் பார்த்தாள். அவளுடைய தெருவில், அவளுடைய வீட்டுக்கு அடுத்த வீட்டில், ஒரு புள்ளி மூச்சை அடக்கி அணைந்தே இருந்தது.